இரண்டு வரி இடம்

பரிசோதனைக்கு ஒன்பது நாள் இருக்க
உப்பை நிறுத்தினேன்.
ஊறுகாய்ப் போத்தல் மேல்தட்டில், கை எட்டாத மூலையில்.
கோப்பி இல்லை. மோர்மிளகாய் இல்லை.
கருவாட்டை நினைத்தாலே
பிரஷர் ஏறும் என்பது என் அனுபவம்.

போன தடவை நூற்று நாற்பத்தாறு.
"வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஏறுமோ?"
என்று சிரித்தார் டாக்டர் கொஸ்கினென்.
"பத்து நிமிடம் கண்ணை மூடுங்கள்.
ஏரியை நினையுங்கள்."
நினைத்தேன்.
காற்று எந்தப் பக்கம், பனிக்கட்டி எவ்வளவு தடிப்பு,
எந்தக் கரையிலிருந்து இறங்குவது...
நூற்று ஐம்பத்திரண்டு.

தண்டர் பேயில் ஏரியை நினைக்காமல் இருக்கத்தான்
பயிற்சி வேண்டும்.

மூன்று இரவாய்க் காதுக்கு
இளஞ்சூட்டில் ஒலிவ் எண்ணெய்.
பதினாறு வருடம் இயந்திரத்துக்குக் கொடுத்த காது.
மைக்ரோவேவை ஓடவிட்டு
அடுத்த அறையில் கதவைச் சாத்தி நின்று
அதன் கீச்சொலிக்குக் காத்திருந்து பார்த்தேன்.
கேட்டது. மூன்றுதரம்.
நாலாவது என் ஆசையாக இருக்கலாம்.

கண் பலகையின் கடைசி வரி எனக்கு மனப்பாடம்.
ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்தால்
யாருக்குத்தான் வராது?
ஆனாலும் அது களவா, ஞாபகமா
என்று பல் துலக்கும்போது ஒரு கேள்வி.

இன்றிரவு படிவம்.
வலிப்பு? இல்லை. மயக்கம்? இல்லை.
நீரிழிவு? இல்லை (அம்மாவுக்கு உண்டு, அது வேறு பக்கம்).
இல்லை, இல்லை, இல்லை:
ஓடுபாதை விளக்குகள்போல் ஒரே கோட்டில்
கீழே இறங்கிக்கொண்டிருந்தேன்.

தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு:
எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா?

ஜனவரி. சாண்டி லேக். மைனஸ் முப்பத்துநாலு.
பால் நாற்பது பெட்டி, உருளைக்கிழங்கு,
யாருக்கோ ஒரு சலவை இயந்திரம்,
பிறகு அந்தச் சின்னப் பெட்டி.
சரக்குத் தாளில் மற்றவற்றைப்போலவே
ஒரு வரிசை எண், ஓர் எடை.
"எங்கே கட்ட?" என்றான் டுவெய்ன், கையுறையைப் பார்த்தபடி.
"எனக்குப் பின்னால்" என்றேன்.
பதினொரு கிலோ எங்கே வைத்தாலும்
விமானத்தின் சமநிலையை அசைக்காது.
கணக்குப் போட்டேன். அசையவில்லை.
மறுபடி போட்டேன்.

இறங்கியதும் சறுக்குவண்டி தயாராய் நின்றது.
அப்பன்காரன் அதில் ஏற்றவில்லை.
கையில் தூக்கிக்கொண்டு நடந்தான்.
நான் பால் பெட்டிகளை எண்ணினேன்.

அதன்பிறகு ஐந்து கிழமை
இரவு என்பது கூரையைப் பார்க்கும் வேலை.
ஆர்தர் தெரு கிளினிக்கில் வெள்ளை மாத்திரை தந்தார்கள்.
அதை விழுங்கிய நாள்களில் பறக்கவில்லை.
முதுகுப் பிடிப்பு என்று சொன்னேன்.
பொய்தான். ஆனால் ஒருவரையும்
என்னோடு மேலே கூட்டிப்போகாத பொய்.

மார்செல் சொன்னான்: "கேட்காததைச் சொல்லாதே."
"கேட்டிருக்கிறார்களே."
"கேட்டது காதில் விழவில்லை என்று வை."
நானோ மூன்று இரவாய்
காதுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆம் என்றால்
கடிதம் ஒட்டாவாவுக்குப் போகும்.
இரண்டு மாதமோ நாலு மாதமோ நிலத்தில்.
வீட்டுக்கடன் நிலத்தில் நிற்காது.
இல்லை என்றால்
ஒன்றுமில்லை. யாருக்கும் தெரியாது.
பேனாவுக்கு இரண்டும் ஒரே அளவு மை.

பதினொன்றரைக்கு 'ஆம்' பெட்டியில் கோடிட்டேன்.
கை நடுங்கவில்லை என்று எழுத ஆசை.

விளக்கம் எழுத
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
முதல் வரியில் மாத்திரையின் பெயர், திகதி.
இரண்டாவதில் என்ன எழுதுவது என்று தெரியாமல்
எடையை எழுதினேன்.

பிறகு உப்பில்லாத கஞ்சியைச் சூடாக்கி
நின்றபடியே குடித்தேன்.